முதியோருக்கு யோகா கற்றுத்தரப் போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். எந்த ஆசனத்தில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதில் தொடங்கு.

கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல உட்காரட்டும். தொடைக்கும் இடுப்புக்கும் அது நல்ல பயிற்சி. வயது ஏற ஏறத் தசை கரையும். நடமாட்டம் குறைந்தால் இன்னும் வேகமாகக் கரையும். இரவில் பாத்ரூம் போக எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்தும் தாடாசனமும், தூக்கிய காலின் விரல்நுனி தரையைத் தொட்டிருக்கும் விருட்சாசனமும் இதற்கு உதவும்.

வகுப்புக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசு. எலும்பு மெலியும் ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர் முதுகை வளைத்துக் குனிந்தால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. கிளாக்கோமா இருந்தால் தலைகீழ் நிலைகள் கண்ணழுத்தத்தைக் கூட்டும். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு, மண்டியிட்டு அமரும் வஜ்ராசனம் வேண்டாம். பிரஷர் உள்ளவர்களுக்கு மூச்சை அடக்கும் கும்பகம் வேண்டாம். மூச்சை இழுப்பதைவிட விடுவது சற்று நீளட்டும், அதுவே மனதை அமைதிப்படுத்தும். சவாசனம் முடிந்ததும் ஒருக்களித்து, உட்கார்ந்து, பிறகு எழச் சொல். சட்டென எழுந்தால் தலைசுற்றும். மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரிடமும் சொல்லாதே. அது டாக்டரின் பொறுப்பு.

மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியார், 1950களில் சென்னைக்கு வந்தபின் ஒவ்வொருவரின் வயதும் உடல்நிலையும் பார்த்துத் தனித்தனியே பாடம் அமைத்தார். 1989இல், நூறு வயதில் மறைந்தார். அவரிடம் கற்ற பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கயிறு, சுவர் எல்லாவற்றையும் பயிற்சிக்குத் துணையாக்கினார். ஆகவே நாற்காலியில் செய்வது தரம் குறைந்த யோகா என்று ஒருவரும் கூச்சப்படக் கூடாது. அந்தக் கூச்சத்தைப் போக்குவது உன் வேலை.

எல்லோரையும் தாத்தா, பாட்டி என்று அழைக்காதே. உன் முன்னே இருப்பவர்கள் பள்ளி நடத்தியவர்கள், வயலில் உழைத்தவர்கள், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண்விழித்தவர்கள். பெயரைக் கற்றுக்கொள், சார் என்றும் அம்மா என்றும் மரியாதையாகக் கூப்பிடு. வகுப்பு முடிந்து பத்து நிமிடம் பேசிக்கொண்டிருக்க விடு. வீட்டில் தனியாக இருப்பவருக்கு அந்தப் பேச்சும் மருந்துதான்.

மூன்று மாதம் கழித்து அவர்களிடமே கேள்: தனியாகப் பஸ் ஏற முடிகிறதா, கோயில் படி ஏற முடிகிறதா, பேரப்பிள்ளையைத் தூக்க முடிகிறதா? பதில்களை நோட்டில் எழுதி வை. அடுத்த பாடத்தை அதிலிருந்து அமை.

அன்புடன்,
உன் மூத்த ஆசிரியை