பட்டன் என்னிடம் இல்லை, ஐயா!

செலையூர் கேம்ப் ரோட்டைச் சுற்றி 26 வருடமாகக் கேபிள் லைன் நடத்துகிறேன். இந்திய அணி உள்நாட்டில் ஆடும் மாதங்களில் கலெக்ஷனுக்குப் போனால் வீட்டுக்கு வீடு ஒரே பல்லவிதான். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பெரியவர் பணத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டார்: "அச்சரப்பாக்கத்துல என் மச்சான் மொட்டை மாடியில ஒரு தட்டு வச்சிருக்கான். டிடியில மேட்ச் சும்மா பார்க்கறான். மாசாமாசம் காசு குடுக்கற எனக்கு அதே டிடியில பழைய பாட்டு ஓடுது. டாஸ் போட்டதும் பட்டனைத் தட்டிடறீங்க, அதானே?"

இனிமேலும் வாசலில் நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எழுதியே விடுகிறேன்.

நம்பிக்கை: டிடியில் வரும் மேட்சைக் கேபிள்காரன் மறைக்கிறான்.

உண்மை: என் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து பாருங்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. ஒரு ஆப்டிகல் நோடு, இரண்டு ஆம்ப்ளிஃபையர், கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி, சத்தம் போடும் ஒரு டேபிள் ஃபேன். பட்டன் என்று பார்த்தால் அந்த ஃபேனுக்குத்தான் இருக்கிறது. எங்களுக்குச் சேனல்களைத் தரும் பெரிய நிறுவனமான எம்.எஸ்.ஓ. அனுப்பும் டிஜிட்டல் சிக்னல் மொத்தமாக வருகிறது, மொத்தமாக உங்கள் செட்டாப் பாக்ஸுக்குப் போகிறது. நடுவில் ஒரு சேனலைப் பிய்த்து எடுக்க என்னால் முடியாது. கேபிளுக்கு வரும் டிடி சிக்னலிலேயே மேட்ச் கிடையாது.

ஏன் கிடையாது? 2007இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தேச முக்கியத்துவம் உள்ளவை என்று மத்திய அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் நேரலை சிக்னலை, உரிமை வாங்கிய சேனல், டிடியை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும். டிவி விளம்பர வருமானத்தில் உரிமையாளருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25. ஆனால் டிடி அதைக் காட்ட வேண்டிய இடம் இரண்டே இரண்டு: தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பு, தன் சொந்த டிடிஎச். மச்சான் வீட்டுத் தட்டு இருக்கிறதே, டிடி ஃப்ரீ டிஷ், அது இரண்டாவது.

கேபிள்காரர்கள் டிடி சேனல்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று இன்னொரு சட்டம் இருக்கிறது. அதன் வழியாக மேட்சும் கேபிள் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. "நாங்கள் கோடிகளைக் கொட்டி உரிமை வாங்கியிருக்கிறோம். டிடியிலேயே கிடைத்தால் எங்கள் சேனலை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?" என்று உரிமைதாரர் தரப்பு வழக்குப் போட்டது. 2015 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆக, பெரியவர் வீட்டில் மேட்சை நிறுத்தியது டெல்லியில் எழுதிய தீர்ப்பு. திட்டு வாங்குவது மட்டும் செலையூரில் நான்.

இத்தனையும் அவரிடம் சொன்னேன். "அப்போ எனக்கும் ஒரு தட்டு மாட்டிக் குடுங்க" என்றார். நானே தென்கிழக்கு வானத்தைப் பார்த்துத் திருப்பி மாட்டிக் கொடுத்தேன். மாதக் கட்டணம் எதுவும் இல்லை, பாக்ஸுக்கும் தட்டுக்கும் ஒரு தடவை செலவழித்தால் போதும். கேபிளை அவர் நிறுத்தவில்லை. அவர் மனைவியின் சீரியல் அதில்தான் வருகிறது.

நம்பிக்கை: ஐபிஎல்லும் டிடியில் வந்தாக வேண்டும்.

உண்மை: இல்லை. அரசு அறிவித்த பட்டியலில் ஐபிஎல் இல்லவே இல்லை. சேப்பாக்கத்தில் நடந்தாலும் அது தனியார் சரக்குதான்.

நம்பிக்கை: ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ஏலம் ஏறினால் கேபிள் பில்லும் அதே அளவுக்கு ஏறும்.

உண்மை: ஏலம் ஏறியது நிஜம். 2018–22க்கு 16,347.5 கோடி ரூபாய். 2023–27க்கு 48,390 கோடி. 410 ஆட்டம் என்று வைத்துத்தான் ஏலம் விட்டார்கள். வகுத்தால் ஆட்டத்துக்கு 118 கோடி, பந்துக்குச் சுமார் 49 லட்சம். ஆனால் டிவிக்கான பங்கு அதில் பாதிக்கும் குறைவு, 23,575 கோடி. அதில் பெரும்பகுதியை விளம்பரத்தில் எடுக்கப் பார்க்கிறார்கள், மிச்சத்தைச் சேனல் விலையில். சேனல் விலையை வைப்பது ஒளிபரப்பாளர். 19 ரூபாய்க்கு மேல் வைத்தால் அந்தச் சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்று 2022 நவம்பரில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டுப்படுத்தியது. என் கைக்கு வருவது டீக்காசு.

நம்பிக்கை: ஒளிபரப்பு உரிமை விலை ஏறிக்கொண்டேதான் போகும்.

உண்மை: இந்திய அணியின் உள்நாட்டு ஆட்டங்களுக்கு 2018இல் 6,138 கோடி. 2023இல் 5,963 கோடி. ஆட்டங்கள் 88 ஆகக் குறைந்ததால் ஓர் ஆட்டத்தின் விலை கூடியது, மொத்தத் தொகை இறங்கியது. இதற்கெல்லாம் முன்னால், 1993 ஹீரோ கோப்பையின்போது, ஒளிபரப்ப ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொல்லி வங்காள கிரிக்கெட் சங்கத்திடம் தூர்தர்ஷன் கேட்டது! அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், அலைவரிசை பொதுமக்கள் சொத்து என்று 1995இல் தீர்ப்பு வந்தது.

நம்பிக்கை: கேபிளை நிறுத்திவிட்டால் போனில் எல்லாம் இலவசம்.

உண்மை: 2023இல் ஐபிஎல்லை ஜியோ சினிமாவில் இலவசமாகப் பார்த்தீர்கள். 2025இல் ஜியோ ஹாட்ஸ்டார் வந்ததும் சில நிமிடம் காட்டிவிட்டுச் சந்தா கேட்டது. ருசி காட்டிவிட்டு விலை சொல்வது பலகாரக் கடையில்கூட நடப்பதுதானே!

கடைசியாக, கேபிள்காரன் சொல்லக் கூடாத ஒன்றையும் சொல்கிறேன். அந்த 2007 சட்டம் வானொலிக்கும் பொருந்தும். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் காதோடு டிரான்சிஸ்டரை ஒட்டிக் கேட்டு வளர்ந்தவன் நான். கேட்கும்போதே பந்து எல்லைக்கோட்டைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும். சேப்பாக்கத்தில் இந்தியா ஆடும் ஒவ்வொரு நாளும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை தமிழ் வர்ணனை வேண்டும் என்று ஆகாசவாணிக்கு ஆளுக்கொரு கார்டு எழுதுங்கள். அதற்கு வயரும் வேண்டாம், தட்டும் வேண்டாம், மாடிப்படிக்கு அடியில் நானும் வேண்டாம். கலெக்ஷனை மட்டும் பத்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள்.