அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்

போன மாதம் தடுப்பூசி போட்ட பிள்ளை, இந்த மாதம் கிளினிக்குக்கு வந்தால் ஊசியைக் காணும் முன்பே வீரிட்டு அழுகிறது. வெள்ளை உடுப்பைக் கண்டாலே போதும். சில பிள்ளைகள் வெள்ளைச் சேலை கட்டிய டீச்சரைக் கண்டும் அம்மாவுக்குப் பின்னால் ஒளிகின்றன. டீச்சர் கையில் ஊசி இல்லையே, பிறகு ஏன் பயம்?

ஒன்றிடம் பழகிய பயம் அதைப் போன்ற மற்றவற்றுக்கும் பரவும். 1920இல் அமெரிக்காவில் ஜோன் வட்சன், ரோசலி ரெய்னர் என்ற இருவர் இதை எழுதி வெளியிட்டார்கள். சுமார் 11 மாதக் குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, அது தொடப்போகும்போது பின்னால் இரும்பை ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளில் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. பிறகு முயல், நாய், உரோமக் கோட்டு என்று பயம் பரவியது. மரக்கட்டைகளோடு மட்டும் சந்தோஷமாக விளையாடியது. அவை எலியைப் போல இல்லையே! அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இன்று இப்படிச் செய்ய அனுமதி கிடையாது.

பயத்தைப் போக்கவும் வழி உண்டு. முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் எழுதினார். அவன் விருப்பமானதைச் சாப்பிடும்போது கூட்டில் இருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக் கொடுத்தான். பஞ்சு, உரோமக் கோட்டு மேலிருந்த பயமும் கூடவே போய்விட்டது. பயம் பரவுவது போல தைரியமும் பரவும்.

பெற்றோரே, நாம் வீட்டில் என்ன சொல்கிறோம்? "அழுதா டாக்டர் ஊசி போட்டுருவாரு" என்கிறோம். அந்தப் பயம் டாக்டரோடு நிற்காது. டிஸ்பென்சரி, மருந்து, ஆஸ்பத்திரி என்று வளரும். நாளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பிள்ளை மறைக்கும். ஆகவே:

• ஊசியைச் சொல்லி மிரட்ட வேண்டாம்.
• "வலிக்காது" என்று பொய் சொல்லாமல், "கொஞ்சம் வலிக்கும், நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லுங்கள்.
• ஊசி இல்லாத நாளிலும், நிறை பார்க்கப் போகும்போது, பிடித்த தின்பண்டத்தோடு கூட்டிப் போங்கள்.
• பயந்த பிள்ளையைக் கேலி செய்யவோ இழுத்துப் போகவோ வேண்டாம்.

விருப்பமும் இப்படித்தான். பிள்ளை மடுவத்தில் அன்பு கண்ட பிள்ளை, பள்ளிக்கூட வாசலையும் ஆசையோடு மிதிக்கும்.