வெடிக்க இடம் கொடுக்கும் பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

ஓசூர் சிப்காட்டில் உள்ள பெயின்ட் கூடம் ஒன்றுக்காக நீ எழுதிய மின் பாதுகாப்பு அறிக்கையை நாகரசம்பட்டியில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதை மறக்காமல், தரையோரக் கேபிள் கால்வாய்வரை வெடிப்பு அபாயப் பகுதியின் (ஜோன்) எல்லையை நீட்டியிருக்கிறாய். பழுத்த அனுபவசாலிகளும் தவறவிடும் இடம் அது. அந்த ஒரு வரைபடத்துக்காகவே உன்னை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்கடுத்த பக்கத்தில், எல்லாச் சாதனங்களும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் பெற்ற ஃபிளேம்ப்ரூஃப் வகை என்பதால் ஆபத்து நீங்கியது என்று எழுதி முடித்துவிட்டாய். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபிளேம்ப்ரூஃப் பெட்டி வெடிப்பைத் தடுப்பதில்லை. தனக்குள்ளேயே வெடித்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. ஆவி உள்ளே புகும், கான்டாக்டரின் பொறியில் வெடிக்கும், சுடுவாயு மூடிக்கும் உடலுக்கும் இடைப்பட்ட மெல்லிய சந்து வழியே வெளியேறும்போது குளிர்ந்துவிடும். வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்க அதற்குச் சூடு போதாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் பைலிங் என்பவர் ஜெர்மனியின் நிலக்கரிப் பகுதியில் சோதித்து நிறுவிய உண்மை இது. சோதனைக்கூட அளவில் புரொப்பேன் தீயை 0.92 மில்லிமீட்டர் சந்து நிறுத்தும், ஹைட்ரஜனுக்கு 0.29 வேண்டும். பெட்டியில் அனுமதிப்பது இவற்றைவிடக் குறைவு. ஆக, நீ வாங்கச் சொன்னது பெட்டியை மட்டுமல்ல, அந்தச் சந்தையும்தான். மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பியபோது விழுந்த கீறல், எட்டு போல்ட்டில் இரண்டு காணாமல் போனது, மழைநீர் புகக்கூடாதென்று யாரோ வெட்டி வைத்த ரப்பர் கேஸ்கெட், சான்றில்லாத கேபிள் கிளாண்ட், அடைக்காமல் விட்ட உபரித் துளை: இவற்றில் எது நேர்ந்தாலும் சான்றிதழ் சொல்லும் பெட்டி அங்கே இல்லை. மூடி விளிம்பு சுவரை ஒட்டி நிற்கலாகாது என்பதும் விதி. IIB வாயுக்களுக்கு 30 மில்லிமீட்டராவது விலகி நிற்க வேண்டும். உன் வரைபடத்தில் தூணுக்கும் பேனலுக்கும் நடுவே அந்த இடைவெளி இல்லை.

1913 அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். சைகை மணியின் மின்பொறி காரணமாக இருக்கலாம் என்ற ஐயத்திலிருந்துதான், பற்றவைக்கப் போதிய ஆற்றலே இல்லாதபடி மின்சுற்றை அமைக்கும் முறை பிறந்தது. பெட்டியைக் கனமாக்குவதைவிடப் பொறியை வலுவிழக்கச் செய்வது மேல் என்று அன்றே சிலர் நினைத்தார்கள். உன் அறிக்கையில் லெவல் சென்சாருக்குக்கூடக் கனத்த வார்ப்புப் பெட்டிதான் பரிந்துரை. அந்த முறையிலான இன்ட்ரின்சிக் சேஃப் சுற்று உன் நினைவுக்கே வரவில்லை. ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கையும் எண்ணிப் பார். 2009 அக்டோபர் 29 அன்று கசிந்த பெட்ரோல் ஆவி வளாகமெங்கும் பரவியது. நிர்வாகக் கட்டடத்தின் சாதாரண மின்சாதனமோ, கிளப்பிய வாகனமோ அதைப் பற்றவைத்திருக்கலாம் என்றது விசாரணைக் குழு. ஜோன் கோட்டுக்கு உள்ளே எவ்வளவு நல்ல பெட்டி வைத்தாலும், கசிவு பெருகினால் கோடு நாம் வரைந்த இடத்தில் நிற்பதில்லை.

பவுடர் கோட்டிங் அறைக்கும் அதே 'IIB T4' பெட்டியை எழுதியிருக்கிறாயே, அது எனக்குக் கோபத்தையே தந்தது. அந்தக் குறியீடு வாயுவுக்கு உரியது. பவுடர் தூசியோ சாதனத்தின் மேல் படிந்து போர்த்திக்கொள்ளும். அடியில் மோட்டார் சூடேறும். அதனால்தான் 5 மில்லிமீட்டர் படலம் கனலும் வெப்பநிலையைவிட 75 டிகிரியாவது குறைவாக மேற்பரப்பு இருக்க வேண்டுமென்று தூசிக்குத் தனி விதி வைத்தார்கள். பழையபேட்டை, அத்திப்பள்ளி பட்டாசு விபத்துகளுக்குப் பிறகு நம் பக்கத்தில் வெடிப்பு என்றால் பட்டாசுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 14 பேரைக் கொன்றது சர்க்கரைத் தூசி. 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில் வெடித்த ஆலை, மாத்திரையில் சேர்க்கும் செல்லுலோஸ் பொடியைத் தயாரித்தது. இறந்தவர்கள் 40க்கும் மேல்.

பராமரிப்பு முதலாளியின் பொறுப்பு, வடிவமைப்பவன் என்ன செய்ய முடியும் என்று நீ கேட்கலாம். எதைப் பராமரிக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்காதவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தின் அளவு, போல்ட்டின் தரம், கிளாண்டின் வகை, திறந்தால் யார் கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். சிறு தொழிற்கூடங்களுக்கு இந்தச் செலவு தாங்காது என்பது வலுவான எதிர்வாதம். அதை நான் மதிக்கிறேன். அதற்குப் பதில் மலிவான போலிப் பெட்டி ஆகாது. ஸ்டார்ட்டரைச் சுவருக்கு வெளியே, ஆவி எட்டாத அறைக்கு மாற்று. விளக்கை அடைத்த கண்ணாடிக்கு அப்பால் பொருத்து. சுவரைத் துளைத்துச் செல்லும் கேபிள் வழியை நன்றாக அடை. இப்படிச் செய்தால் உன் பட்டியலில் உள்ள ஃபிளேம்ப்ரூஃப் சாதனங்களில் பெரும்பகுதி தேவைப்படாது. மிச்சமாகும் பணத்தில் எஞ்சியவற்றைத் தரமானதாக வாங்கி, வருடந்தோறும் திறந்து சரிபார்க்க அந்த முதலாளியால் முடியும்.