அமைவுப் பிழையும் மென்பொருளின் கடனும்

ஒரு மென்பொருள் எவ்வாறு இயங்கவேண்டும் என்பதை அதனை ஆள்வோர் சில வரிகளில் எழுதிவைக்கும் கோப்பினை அமைவுக் கோப்பு என்பர். அவ்வரிகளுள் ஓரெழுத்துப் பிழைபடின் மென்பொருள் யாது செய்தல் தகும்? பிழையைப் பொருட்படுத்தாது இயங்குவதா? இயங்க மறுப்பதா? இவ்வினா சிறிதெனத் தோன்றினும், பலருடைய பாதுகாப்பு இதன்கண் அடங்கியிருத்தலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தொலைவிலுள்ள கணினியினுள் பாதுகாப்பாகப் புகுந்து பணியாற்ற உதவுவது, 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்எச் என்னும் மென்பொருள். முழு அதிகாரமுடைய 'ரூட்' என்னும் கணக்கின் வழியாக எவரும் நேரே புகலாகாதென விலக்குதற்கு, அதன் அமைவுக் கோப்பில் 'பெர்மிட்ரூட்லாகின்' என்னும் கட்டளை உண்டு. அச்சொல்லில் ஒருவர் ஓரெழுத்தை விட்டெழுதினார் என்று கொள்வோம். மென்பொருள் அவ்வரியைக் கண்டும் காணாததுபோல் இயங்குமாயின், அவர் வாயிலை அடைத்துவிட்டதாக நம்பியிருப்பார். அவர் எழுதிய விலக்கோ நடைமுறைக்கு வந்திராது. ஆதலின் அம்மென்பொருள், கோப்பின் பெயரையும் வரியின் எண்ணையும் பிழைபட்ட சொல்லையும் எடுத்துக்காட்டி, இயங்க மறுக்கின்றது. இது கடுமையாயினும் நேர்மையாம்.

எனினும், மறுத்தலிலும் ஓர் இடருண்டு. மாற்றிய கோப்போடு மீண்டும் தொடங்குங்கால் மென்பொருள் நின்றுவிடின், தொலைவிலிருப்பவர் புதிதாக உட்புகும் வழியும் அடைபடும். அதுபற்றியன்றோ, தொடங்குமுன் கோப்பை மட்டும் சோதித்தறியும் வசதியும் அதன்கண் வைக்கப்பட்டுள்ளது! இகோர் சிசோயெவ் இயற்றி 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சர்வர் பிறிதொரு நெறியையும் காட்டுகின்றது. அது இயங்கிக்கொண்டிருக்கையில் புதிய கோப்பை ஏற்குமாறு பணித்தால், முதற்கண் அக்கோப்பைச் சோதிக்கின்றது. பிழை காணின் அதனைத் தள்ளி, பிழையைப் பதிவேட்டில் குறித்து, பழைய அமைவோடே பணியைத் தொடர்கின்றது. அதனால் அச்சர்வரை நம்பியிருக்கும் வாசகர்க்கு இடையூறு நேர்வதில்லை.

நிறம், எழுத்தின் அளவு முதலிய சிறியனவற்றில் பிழை நேரின், எச்சரித்துவிட்டு இயங்குதல் போதும். பாதுகாப்பும் பொருளும் பற்றியனவற்றிலோ, தொடக்கத்தில் பிழை காணின் நிற்றலும், இயக்கத்தின் இடையே காணின் முன்னைய செவ்விய அமைவைக் கைவிடாமையும் வேண்டும். எவ்விடத்தும் பிழை யாது, எவ்வரியில் உளது, எவ்வாறு திருத்துவது என்பவற்றை எளிய மொழியிற் கூறுதல் இன்றியமையாதது. எழுதியவர் கருத்தைத் தானே ஊகித்துக்கொண்டு வாளா இயங்குதல் மட்டும் ஆகாது. தவறு செய்தல் மாந்தர்க்கு இயல்பு. அதனை மறையாது உணர்த்துதலே நல்ல மென்பொருளின் கடன் என்பது எம் துணிபு.