தண்ணீர் குறையும் லாரி: பட்டறைக்குப் புதிதாய் வந்த தம்பிகளுக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பட்டறைகளுக்கு வரும் பழைய லாரிகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "தண்ணி நிக்க மாட்டேங்குது." உடனே ரேடியேட்டரைக் கழற்றுகிற பையன்களைத் தினமும் பார்க்கிறேன். கூலன்ட் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கும்வரை ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். நான் சொல்வதெல்லாம் இதற்குள் அடக்கம்.

1. சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அது கொதித்து ஆவியோடு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார். சூடு தணிந்து, ஹோஸ் தளர்ந்த பிறகு திற. திறந்ததும் மூடியின் ரப்பரைப் பார்த்துவிடு. வெடித்திருந்தால் மூடியை மாற்று. பல வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும். இன்ஜின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால், மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

2. ஓட்டுநரை உட்காரவைத்துப் பேசு. ராத்திரி நிறுத்தி வைத்தால் குறைகிறதா, லோடோடு திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறினால்தான் குறைகிறதா? முதலாவது என்றால் பெரும்பாலும் வெளி ஒழுகல். இரண்டாவது என்றால் மூடி, ஹெட் கேஸ்கெட் என்று சந்தேகம் மேலே போகும்.

3. இன்ஜினைக் கழுவிக் காயவிடு. அடியில் அட்டை விரித்துக் காலையில் வந்து பார். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதே. ஃபேன் காற்று தண்ணீரைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்த இடத்திலிருந்து முன்னாலும் மேலேயும் தேடு. காய்ந்த கூலன்ட் பச்சையோ சிவப்போ பொருக்காகப் படிந்திருக்கும். வெறும் போர்த் தண்ணீர் ஊற்றிய வண்டியில் வெள்ளை உப்பு கோடாக இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல் முனைதான் நீ தேடும் இடம். கையில் பிரஷர் டெஸ்டர் இருந்தால், மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் பம்ப் அடிக்காதே.

4. ஹோஸ், கிளாம்ப். காலையில் குளிர்ந்தபோது சொட்டி, சூடானதும் நின்றுவிடும் ஒழுகல் அநேகமாக இங்கேதான். ஹோஸ் மாற்றும்போது அது ஏறும் குழாய் வாயில் படிந்த துருவை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துவிடு. இல்லாவிட்டால் புது ஹோஸும் ஒழுகும். கட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டுவது வேலையில் சேராது.

5. வாட்டர் பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் போய்விட்டது என்று தெரிவிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதில் எம்-சீல் வைத்து அடைக்கிறவர்கள் உண்டு; நீ அதைச் செய்யாதே. வெளியே போக வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் உடைந்து, ஷாஃப்ட்டில் ஃபேன் பூட்டிய வண்டியென்றால் ஃபேன் ரேடியேட்டரையே கிழித்துவிடும். இன்ஜினை நிறுத்திவிட்டு பம்ப் ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் பம்பைக் கழற்று.

6. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது நம் ஊர்ப் பழக்கம். நடுவழியில் மாட்டிக்கொண்டால் அடுத்த ஊர் போய்ச் சேர அது உதவும், அவ்வளவுதான். பட்டறைக்கு வந்த வண்டியில் அதைப் போடாதே, நுண்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். பித்தளை ரேடியேட்டரென்றால் ஈயம் வைத்து அடைக்கலாம். ஆனால் அடியில் உள்ள ரப்பர் மவுண்டிங் செத்திருந்தால், அதிர்வில் அதே ஜாயின்ட் மறுபடி விடும். அதையும் சேர்த்து மாற்று.

7. வெளியே ஒரு சொட்டும் இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது. இங்கேதான் அவசரம் கூடாது. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்து. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் சம்ப் டிரெயின் நட்டை மெல்லத் தளர்த்து. தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும், அதுதான் முதலில் சொட்டும். அப்படி வந்தால் லைனர் ரப்பர் ரிங்கோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கலாம். மறுபடி ஸ்டார்ட் செய்யாதே. ஆயில் சுத்தமாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்தபடி ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் பார். குமிழி விடாமல் வந்தால் எல்லோரும் ஹெட்டைத் தூக்க ஓடுவார்கள். பொறு. பல ஏர் பிரேக் வண்டிகளில் கம்ப்ரஸர் ஹெட்டுக்கும் இன்ஜின் தண்ணீர்தான் போகிறது. அதன் கேஸ்கெட் போனாலும் காற்று ரேடியேட்டருக்கு வரும். கம்ப்ரஸர் தண்ணீர்க் குழாய் இரண்டையும் கழற்றி, இன்ஜின் பக்கத்து முனைகளை ஒன்றோடொன்று இணைத்து, கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டிப் பார். குமிழி நின்றுவிட்டால் குற்றவாளி கம்ப்ரஸர். இதைப் பார்க்காமல் ஹெட்டை இறக்கினால் முதலாளிக்கு வீண் செலவு, வண்டிக்கு வீண் நாள்.

8. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதே. இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் டீசல் குடிக்கும், லைனர் தேயும்.

9. நிரப்பும்போது கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து மெல்ல ஊற்று, காற்று வெளியேறட்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். இறக்கிய பழைய கூலன்டைத் தரையில் விடாதே. இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் குடிக்கும். குடித்தால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மூடியுள்ள கேனில் பிடித்து வை.

10. வேலை முடிந்ததும் லோடு இல்லாமல் ஒரு நடை ஓட்டி, ஆறவிட்டு, கிளாம்ப் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை முறுக்கு. தண்ணீர் மட்டத்தைப் பார். அதைச் செய்யாமல் எந்த வண்டியையும் வெளியூர் லோடுக்கு அனுப்பாதே, தம்பி.