பாட்டியரிடம் கேட்டு எழுதுக

அணுசக்தி நகர்,
மும்பை.

தம்பிக்கு,

விடுமுறையில் செய்ய உபயோகமான காரியம் ஒன்று கேட்டிருந்தாய். அயர்லாந்து தேசத்தில், நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் வேண்டுகோளுக்கிணங்க, 1937-ஆம் ஆண்டு முதல் சுமார் 5000 ஆரம்பப் பள்ளிகளின் மாணவ மாணவியர், வகுப்பில் கட்டுரை எழுதும் நேரத்தில், தங்கள் பாட்டன் பாட்டியரிடமும் அண்டை அயலாரிடமும் கேட்டறிந்த விடுகதைகளையும் கைவைத்திய முறைகளையும், சொன்னவர் பெயரோடு எழுதிவைத்தார்கள். அந்த ஏடுகள் இன்றும் டப்ளின் நகரில் பாதுகாக்கப்படுகின்றன. அதையே நீயும் செய்.

நம் முன்னோர் விடுகதை, வைத்தியம் இவ்விரண்டையும் அற்பமென்று ஒதுக்கியதில்லை. தொல்காப்பியர் 'பிசி' என்ற பெயரால் விடுகதைக்குச் செய்யுளியலில் இலக்கணம் வகுத்தார்; நல்லாதனாரின் நீதிநூல், சுக்கு மிளகு திப்பிலி சேர்ந்த மருந்தின் பெயரையே தாங்கித் திரிகடுகமாயிற்று.

தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய மூதாட்டியரிடம் போ. மாதுங்காவில் பாலக்காட்டுப் பாட்டியரையும் கேள். உரிக்க உரிக்கத் தோலாகவே வந்து, உரித்தவரை அழவைக்கும் வெங்காயத்தை ஒருவர் ஒருவிதமாகவும், மற்றவர் வேறுவிதமாகவும் விடுகதையில் மறைத்துச் சொல்வார். அவரவர் சொன்னபடியே எழுது, திருத்தாதே.

வைத்தியக் குறிப்பில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். வசம்பைச் சுட்டு உரைத்துக் கைக்குழந்தைக்குப் புகட்டுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அதன் பெயரை உச்சரிக்கவும் தயங்கி, 'பேர் சொல்லாதது' என்று விடுகதை போலவே குறிப்பிடுவார்கள். ஆயினும் அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் பிராணிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதைக் கண்டு, அமெரிக்க அரசாங்கம் 1968-லேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடைசெய்தது. ஆகவே எழுதிக்கொள், டாக்டரைக் கேளாமல் யாருக்கும் கொடுக்காதே.

எழுத்தின் வலிமைக்கு மஞ்சளே சாட்சி. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமை வழங்கப்பட்டபோது, நம் விஞ்ஞான தொழில் ஆராய்ச்சிக் கழகம் ஆட்சேபித்து, அது இந்தியர் முன்பே அறிந்த வைத்தியமென்று பழைய ஏடுகளை ஆதாரமாகக் காட்டி, 1997-இல் அதை ரத்துச் செய்வித்தது. பாட்டியர் வாய்மொழியை மட்டும் ஆதாரமாகக் காட்டியிருந்தால் அமெரிக்கக் காப்புரிமை அதிகாரிகள் செவிசாய்த்திருப்பார்களா?

ஒவ்வொரு குறிப்பின் கீழும் சொன்னவரின் பெயர், வயது, பிறந்த ஊர், தேதி ஆகியவற்றை எழுது. விடுகதையின் விடையைப் பின்பக்கத்தில் எழுது. படிப்பவர் சற்று யோசிக்கட்டும். அடுப்பங்கரை வேலை ஓய்ந்த பிற்பகலே கேட்பதற்கு உகந்த வேளை.

உன் அன்புள்ள,
பெரியப்பா