புற்றுநோய்க்கு மருந்து ஆய்வு: கைநாட்டு வைக்கும் முன் இருவரும் கேளுங்கள்



மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு என்று காரப்பேட்டைக்கோ, அடையாறுக்கோ, சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கோ போகிறீர்கள். புற்றுநோய் என்று தெரிந்த பிறகு டாக்டர், "ஒரு மருந்து ஆய்வு நடக்கிறது, சேருகிறீர்களா?" என்று கேட்கலாம். "நம்மள எலி மாதிரி வெச்சுப் பார்க்கப் போறாங்களோ?" என்று மனசு அடித்துக்கொள்ளும். அதை டாக்டரிடமே கேளுங்கள். கேட்டால் அவர் கோபிக்கக் கூடாது.

ஆய்வு எதற்கு?

நம் மண்ணிலேயே நடந்ததைச் சொல்கிறோம். 1968-ல், இது செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தபோது, திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். சிலருக்கு உண்மை ஊசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 15 ஆண்டு கவனித்ததில், பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. உலகமே நம்பிய ஊசி! ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால் தெரிந்திருக்காது. (பச்சைக் குழந்தைகளை மூளைக்காசம் போன்ற கடும் காசத்திலிருந்து அது காக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தவறாமல் போடுங்கள்.)

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற திரவத்தைத் தடவி நர்சுகள் பார்த்தார்கள். அப்படிப் பார்த்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வெளியானது.

ஆனால் புது மருந்தெல்லாம் நல்ல மருந்து அல்ல. அது தெரியாததால்தானே ஆய்வே! புற்றுநோய் ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை, மற்றொரு பிரிவுக்குப் புதியது. எந்தப் பிரிவு என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. "வழக்கமான சிகிச்சை எனக்கு நின்னு போயிடுமா?" என்பதை முதலில் கேளுங்கள்.

யார் சம்மதம்?

"அவரு சொன்னா சரி" என்று மனைவியும், "நானே போட்டுடறேன்" என்று கணவரும் சொல்வது நம் பக்கத்து வழக்கம். இங்கே அது செல்லாது. நோயாளி மனைவி என்றால், அவர் தெளிவாக இருக்கும்வரை சம்மதம் அவருடையது. கணவர் கூட உட்கார்ந்து கேட்கலாம், யோசனை சொல்லலாம். படிக்கத் தெரியாவிட்டால் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் தமிழில் விளக்க வேண்டும். அதன் பிறகே கைநாட்டு. திருவனந்தபுரத்தில் வாய்ப் புற்றுநோயாளிகளுக்குச் சரியாக விளக்காமல் சோதனை மருந்து செலுத்தியது 2001-ல் வெளியே வந்து பெரும் பிரச்சினையானது.

வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லலாம். சேர மறுக்கலாம். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. ஆனால் மருந்தைத் திடீரென நீங்களாக விடாமல், சொல்லிவிட்டு விலகுங்கள்.

புது மருந்து ஆய்வுகளுக்கு 2019-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. தாய் தந்தை ஆய்வில் சேர்ந்ததால் வயிற்றுக் குழந்தைக்கு வரும் கேடும் இதில் சேரும். அதனால் மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் மறைக்காதீர்கள். கணவர் மருந்து எடுத்தாலும் இது பொருந்தும். ஆய்வு முடியும்வரை எந்தக் கருத்தடை முறை ஏற்றது என்று டாக்டரிடம் கேட்டு, இருவரும் கடைப்பிடியுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு கவலை: எத்தனை தரம் வர வேண்டும், பஸ் செலவு தருவார்களா, கூலி போகுமே? இதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள். அதில் டாக்டரின் போன் நம்பரும் நெறிமுறைக் குழுவின் நம்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே அதையும் வையுங்கள். ராத்திரி காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ வந்தால் அக்கம்பக்கத்தாரும் எடுத்துப் பார்த்துப் போன் செய்ய வசதியாக இருக்கும்.